நங்கூரம் போட்ட வீட்டுவண்டி

கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், விடிவதற்கு முன்பே நாமக்கல்லை விட்டுக் கிளம்பினோம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிற வேலை எங்களுக்கு இல்லை. வீடே எங்களோடு வந்தது. என் வீட்டுக்காரர் செல்லமுத்து லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் பழைய சின்ன லாரி ஒன்றின் சேசிஸை வாங்கி, அதன்மேல் கட்டில், அடுப்படி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஒரு வீடு கட்டினார். அது முடிந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். பீரோவும் பழைய கட்டிலும் ஈரோட்டில் மகள் வீட்டு மாடிக்குப் போயின. ஆக, எங்கள் இருவருக்கும் இந்த உலகத்தில் இருக்கிற ஒரே வீடு அந்த வண்டிதான். அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நான் சொன்னால் இரண்டு மடங்கு வரும்.

கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். மணிக்கு ஐம்பதைத் தாண்ட மாட்டார். பத்தரை அடி உயர வண்டியை அதற்கு மேல் விரட்டினால் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். காவல்கிணறு தாண்டி, காற்றாலைகள் வரிசையாக நிற்கிற முப்பந்தல் வந்தபோது மணி நான்கு. அங்கே காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. ஸ்டியரிங்கை அவர் இரண்டு கையாலும் பிடித்தார். பரணில் இருந்த என் கிரைண்டர் 'டொம்' என்றது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு கடையில் டீ குடித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் எங்கள் வண்டியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"ஒசரம் கூடுதலாட்டு இருக்கே. காலி கண்டெய்னரே இஞ்ச சாயும், கேட்டியளா? பைய போங்க."

"இது காலி இல்லீங்க, வீடு," என்றார் இவர். கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போனார்.

நாகர்கோவிலை அடையும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டு தங்கினோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை முழுவதும் பேச்சிப்பாறை. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பாதை, இடதுபுறமும் வலதுபுறமும் ஒரே மாதிரி மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை. அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதற்கு மேல் மலை, மலைக்கு மேல் மேகம். மலையைப் பார்த்து ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன். குலசேகரம் சந்தையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு நாற்பது ரூபாய்க்கு வாங்கினோம். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் வாய்க்குள் போனால் கற்கண்டு. எங்கள் ஊரில் இதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அன்று இரவு நான் அவரிடம், "நல்ல வண்டிதான் கட்டியிருக்கீங்க" என்று மனதாரச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் தலைகால் புரியவில்லை அவருக்கு.

புதன்கிழமை நடுப்பகலில் முட்டம் வந்தோம். நாகர்கோவிலிலிருந்து பதினாறு, பதினேழு கிலோமீட்டர். கலங்கரை விளக்கம் ஒரு பக்கம், செம்மண் மேடு ஒரு பக்கம், கீழே யானைக் கூட்டம் குளிக்க இறங்கியது போலப் பாறைகள். அவர் வண்டியை மேட்டின் விளிம்புக்கே கொண்டுபோய், அடுப்படி ஜன்னல் கடலைப் பார்க்கும்படி நிறுத்தினார். நான் சாம்பாருக்குத் தாளிக்கும்போது எதிரே அரபிக்கடல். இப்படி ஒரு அடுப்படி யாருக்கு வாய்க்கும் என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் சூசை வந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கடலில் உழைத்த தோள். ஓமானில் பல வருடம் மீன்பிடி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இப்போது சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்திருக்கிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"ஓமான்ல நாங்க காரவான்னு ஒரு தகர வீட்டுலதான் கெடந்தோம் அண்ணே. ஆனா அதுக்குச் சக்கரம் கெடையாது. இது கொள்ளாமே!"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய்க் கட்டில், மடக்கு மேசை, தரைக்குக் கீழே இருக்கிற முந்நூறு லிட்டர் தொட்டி, நான்கு மூலையிலும் இறக்கிவிடுகிற இரும்புக் கால்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சூசை எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தார். இறங்கும்போது சொன்னார்:

"எடமும் கொள்ளாம், பாக்கதுக்கு. படுக்கதுக்கு ஆவாது. நாளைக்கு மறுநா காத்து இருக்குன்னு சொல்லியாவ. எங்க ஆளுவ எல்லாம் கரைக்கு வந்தாச்சு."

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் ஒரு புயல் உருவாகியிருந்தது. அதற்கு ஏதோ பெயரும் வைத்திருந்தார்கள். எங்கள் வாயில் அது நுழையவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். முப்பந்தல் கணவாயில் இந்த உயரத்தோடு மாட்டிக்கொள்வதைவிட இருக்கிற இடத்தில் நிற்பதே மேல் என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. அவர் அடிக்கடி சரியாகச் சொல்லமாட்டார், அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஷீட்டும் ஓலையும் போட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை காலைக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று பங்குத்தந்தை இரண்டு முறை சொன்னார். வண்டியையும் பள்ளி மைதானத்தில் நிறுத்திக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தார் சூசை. மேட்டின் விளிம்பிலிருந்து இறங்கி மைதானத்துக்கு வந்தோம்.

அங்கே நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவரவர் தொழில் அவரவர் கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். புயல் கடலிலிருந்துதானே வரும் என்று இவர் வண்டியின் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தினார். பிறகு மழை என்றால் லாரிக்காரர் என்ன செய்வார்? தார்ப்பாய் போடுவார். கூரை ஜன்னல் ஓரமாக ஒழுகும் என்று சொல்லி, வண்டியின் தலையிலிருந்து இடுப்புவரை பெரிய தார்ப்பாய் ஒன்றைப் போர்த்திக் கயிற்றால் கட்டினார். கட்டு என்றால் அப்படி ஒரு கட்டு. நாமக்கல் லாரியில் முட்டை ஏற்றினால்கூட உடையாது.

சூசையும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள். படகுக்காரர் காற்று என்றால் என்ன செய்வார்கள்? கயிறு எடுப்பார்கள். படகு கட்டுகிற தடித்த கயிற்றால் வண்டியை இரண்டு பக்கமும் நின்ற தென்னை மரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். "இனி எவனாலயும் அசைக்க ஒக்காது" என்றார் ஒருவர். நான் கீழே நின்று எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன். என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்திருந்தேன்: கிரைண்டர், அரிசி மூட்டை, பித்தளை அண்டா என்று கனமான சாமான் எல்லாவற்றையும் இருப்பதிலேயே உயரமான பரணில் ஏற்றி வைத்திருந்தேன். கீழே இருந்தால் காலில் இடிக்கிறதே!

அன்று மாலை சூசையின் மனைவி புஷ்பம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பள்ளிக்கு அந்தப் பக்கம் இரண்டாவது தெருவில், செங்கல் சுவரும் சிமென்ட் ஷீட்டுமாக அவர்கள் வீடு. மகள் ஷைனி பிரசவத்துக்கு வந்தவள். குழந்தைக்கு இன்னும் மாதம் ஆகவில்லை. மரச்சீனி என்று அவர்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும். குழம்பில் தேங்காயும் புளியும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. புஷ்பம் என்னிடம், "நாளைக்கு நீங்களும் பள்ளிக்கூடத்துக்குத்தான வாறிய அக்கா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர், "அவ வருவா. நான் வண்டிலயே இருந்துக்கறேன். வூட்டை உட்டுப்போட்டு எங்க போறது?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "வண்டி போனா போகுதுங்க, மனுசன் போனா யாரு தருவா?" என்று கேட்டேன். "நான் உள்ள இருந்தாத்தான் எது கழண்டாலும் உடனே பூட்ட முடியும்," என்றார். நாற்பது வருடம் மற்றவன் ஓட்டுகிற லாரிக்குக் கட்டினேன், ஒன்று எனக்குக் கட்டியிருக்கிறேன், அதை அநாதையாக விட முடியாது என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? எனக்குப் பயமாக இருந்தது. அந்த வண்டியின் மேல் முதல் தடவையாகப் பொறாமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. ஆனால் கடலிலிருந்து இல்லை. வடகிழக்கே, மலைப்பக்கமிருந்து வந்தது. கரையிலிருந்து கடலை நோக்கி அலையின் நுரையைப் பின்பக்கமாகச் சீவிக்கொண்டு போனது. வண்டியோ முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, முதுகையும் விலாவையும் காற்றுக்குக் கொடுத்து நின்றது. நான் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வராண்டாவுக்குப் போனேன். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கிரீச் என்கிறது, அவ்வளவுதான், என்று ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

அந்த நேரத்தில் சூசை ஓடிவந்தார். "அண்ணே, கடைசிப் போட்டு ஒண்ண மேட்டுல ஏத்தணும். ஆளு பத்தல. ஒரு கை தாறியளா?"

வேலைக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் வராண்டாவிலிருந்து பார்த்தேன். இருபது பேர் தோள் கொடுத்துப் படகை மேட்டுக்குத் தள்ளினார்கள். ஏற்றியதும் எஞ்சினைக் கழற்றி இரண்டு பேர் கம்பில் தொங்கவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். வலையை எடுத்தார்கள். படகைக் கவிழ்த்து, மணல் மூட்டை வைத்து, அதோடு விட்டுவிட்டு நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நனைந்துபோய் மைதானத்து வாசலுக்கு வந்த என் வீட்டுக்காரர் அங்கேயே நின்றார். நானும் அவர் பார்த்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தபோது அவருக்குக் கேட்டது கிரீச் மட்டும். வெளியே நின்று பார்த்தால் வேறு. தார்ப்பாய்க்கு அடியில் காற்று புகுந்து அது பூரி மாதிரி உப்பியது. உப்பும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தென்னை மரங்கள் ஒரு பக்கம் வளையும்போது கயிறு தொய்ந்தது; மரம் நிமிரும்போது வண்டியை வெடுக்கென்று இழுத்தது. ஒரு பெரிய வீச்சில் இடது பக்கத்துச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஒரு சாண் இருக்கும். பிறகு தடால் என்று இறங்கின.

"ஐயோ, என்ற வண்டி!" என்று ஓடினார். பின்னாலேயே சூசையும் மற்றவர்களும் ஓடினார்கள்.

முதலில் தார்ப்பாய் போயிற்று. அவிழ்க்க நேரமில்லை, அவ்வளவு நல்ல கட்டு. தன் கையாலேயே அரிவாள் வாங்கி வெட்டினார். தார்ப்பாய் பள்ளிக்கூடக் கூரைக்கு மேலே பறந்து கடல் பக்கம் போனது.

"பாய் விரிச்ச வள்ளம் மாதிரில்லா வச்சிருந்திய!" என்றார் சூசை, மூச்சு வாங்க.

"உங்க கட்டு மட்டும் என்னவாம்? ஆடுற மரத்துல கட்டுனா அது கட்டாப்பா? லோடு கட்டுறவனக் கேளு!" என்று இவர் திருப்பிக் கத்தினார். சூசை மரங்களை அண்ணாந்து பார்த்தார். ஒரு மட்டை அவருக்கு முன்னால் விழுந்தது. கயிற்றை அறுத்தார்.

அடுத்த முக்கால் மணி நேரம் இருவரும் திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். வீட்டுவண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததைச் சொல்கிறேன். மைதானத்தின் ஓரத்தில் பள்ளியின் பழைய கருங்கல் கட்டடம் 'ட' வடிவில் நிற்கிறது. காற்று இப்போது வடகிழக்கு, பிறகு கிழக்கு, கடைசியில்தான் தெற்கே திரும்பும் என்று சூசை சொன்னார். ஆகவே வடக்கையும் கிழக்கையும் அந்தக் கட்டடம் மறைக்கிற மூலையில், மரமும் மதிலும் மேலே விழாத தூரத்தில், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். முகம் தெற்கே. கடைசிக் காற்று தெற்கிலிருந்து வரும்போது அகலமான விலாவில் அடிக்காமல் குறுகிய முகத்தில் அடிக்கட்டும் என்று. கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்கள். நான்கு இரும்புக் கால்களையும் இறக்கினார்கள். ஆனால் சக்கரம் தரையை விட்டுத் தூக்காத அளவுக்கு மட்டும். எடை சக்கரத்திலும் இருக்க வேண்டும் என்றார் இவர்.

பரணைக் காலி செய்தது நான். கிரைண்டரையும் மூட்டையையும் அண்டாவையும் இறக்கித் தரையில் கிடத்தினேன். கூரைமேல் இருந்த சோலார் தகட்டைக் கழற்றினார்கள். சமையல் கேஸை மூடி சிலிண்டரை வெளியே எடுத்தோம். பள்ளிக் குழாயிலிருந்து ரப்பர் டியூப் போட்டுத் தரைத்தொட்டியை வாய்வரை நிரப்பினோம். முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ, அதுவும் அடியில். "வெள்ளம் கெடந்தா வள்ளம் நிக்கும்" என்றார் ஒரு கூட்டாளி. வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர், வள்ளம் என்றால் படகு. கடைசியாக சூசையும் கூட்டாளிகளும் நான்கு நங்கூரங்களைத் தூக்கிவந்தார்கள். படகு நங்கூரம், ஆளுக்கொன்றாக. செம்மண்ணில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி அவற்றைப் புதைத்து, அங்கிருந்து சேசிஸுக்கு இழுத்துக் கட்டினார்கள். பாடியில் கட்டவிடவில்லை இவர். எலும்பில் கட்டு, சட்டையில் கட்டாதே என்றார்.

முடிந்ததும் அவர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இப்ப சரி. இனி நான் உள்ள இருந்துக்கறேன்," என்று படியில் கால் வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை செய்ததும் இதற்குத்தானா? சூசை அவர் கையைப் பிடிக்கவில்லை, வாதாடவும் இல்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், கொட்டுகிற மழையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா இது? எந்திரி."

"நீங்க உள்ள இருங்க அண்ணே. நான் இஞ்ச இருக்கேன்."

"நீ எதுக்கு?"

"கரையில ஏத்துன போட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டோம். போட்டுக்குச் செய்ய உள்ளதச் செய்வோம், எஞ்சின எடுத்துட்டுப் போயிருவோம். ஒருத்தன் உள்ள இருந்தாம்னா, அவன எடுக்கதுக்கு நாலு பேரு காத்துல நிக்கணும். இந்த ஊர்ல அதான் சட்டம். இன்னிக்கு அந்த நாலு பேர்ல மொத ஆளு நான்."

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரப் போனார்கள். வீட்டில் பச்சைக் குழந்தை வைத்திருக்கிற மனிதர், யாரோ ஒரு நாமக்கல்காரனுக்காக நனைந்துகொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். அப்புறம் உள்ளே போனார். போய்விட்டாரே என்று நினைத்தேன். தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"எஞ்சினை எடுத்தாச்சு. நடங்கப்பா," என்றார்.

அன்று பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் முப்பது குடும்பங்களோடு இருந்தோம். கஞ்சி, பயறு, தேங்காய்த் துவையல். ஒரு மூலையில் ஜெபமாலை, ஒரு மூலையில் சீட்டு. ஷைனியின் குழந்தை அத்தனை இரைச்சலிலும் தூங்கியது. பத்து மணிக்கு மேல் கிழக்குக் காற்று ஊளையிட்டது. ஜன்னலை மூடிவிட்டதால் வண்டியைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்: இது தகரம், இது மரம், இது எதுவோ. மாலையில் காற்று சற்று மூச்சுவாங்கிவிட்டுத் தெற்கே திரும்பி இன்னொரு முறை அடித்தது. அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதிலும் அவர் அப்படிப் பிடித்ததில்லை. வண்டி போனாலும் பரவாயில்லை என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது.

சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வண்டி நின்றது. ஒரு நங்கூரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்திருந்தது. பின்கண்ணாடி உடைந்து கட்டில் நனைந்திருந்தது. மேலே ஏறுகிற ஏணியைக் காணோம். மற்றபடி வீடு வீடாகவே இருந்தது. அவர் சுற்றிவந்து ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியதை மழைத்தண்ணீர் என்றார், மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

ஊரில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. எடைக்காக நிரப்பிய முந்நூறு லிட்டரை அன்று காலை அந்தத் தெரு குடித்தது. புஷ்பம் குடத்தோடு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சொவரு நிக்குது அக்கா. மேல ஒண்ணும் இல்ல."

போய்ப் பார்த்தோம். ஒரு ஷீட்கூட மிஞ்சவில்லை. நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம். சூசை நடுவில் நின்று, நனைந்த தொட்டில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். மாவட்டம் பூராவும் கூரை போயிருக்கிறது, ஷீட் கிடைக்க வாரங்கள் ஆகும், கொத்தனார் கிடைக்க அதற்கு மேலும் ஆகும் என்றார். பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறந்துவிடும். அவருடைய குரலில் புலம்பல் இல்லை. குழந்தையை மட்டும் நினைத்துத்தான் பேச்சு இடறியது.

என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் புஷ்பத்தின் கையில் வைத்தார்.

"கட்டிலு காயட்டும், நாளைக்கு வந்துருங்க. கண்ணாடிக்கு இன்னைக்கே நான் பலகை அடிச்சுத் தர்றேன். கூரை போட்டப்புறம் சொல்லுங்க, வந்து எடுத்துக்கறோம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். எங்களுக்கு அந்த ஒன்றைத் தவிர மிஞ்சியது ஏது? வண்டிக்குள் போய் அலமாரியைத் திறந்து என் சேலைகளை எடுக்க ஆரம்பித்தேன். நான்காவது சேலை எடுக்கும்போது கோபம் போய்விட்டது. குழந்தைத் துணி வைக்க அந்தத் தட்டுதான் சரியான உயரம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். நாகர்கோவிலுக்குப் போகிற பஸ்ஸில் ஆளுக்கொரு பை, டூல்ஸ் பெட்டி, அவ்வளவுதான். வழியெல்லாம் வாழைத்தோட்டங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. சிதறால் மலைக்கோயிலைப் பார்க்க வேண்டும் என்று வந்தோம், பார்க்கவில்லை. வண்டியை எடுக்க வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். முப்பந்தல் தாண்டும்போது இவர் பழக்கதோஷத்தில் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஈரோட்டில், மகள் வீட்டு மாடியில் இருக்கிறோம். கான்கிரீட் வீடு. எந்தக் காற்றிலும் கிரீச் என்று ஒரு சத்தம் வராது, அதனாலேயே எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. வண்டி எங்கள் கையில் இல்லாத இந்த வாரங்களில் அவர் தினமும் புஷ்பத்திடம் போனில் பேசினார். அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, தொட்டியை எப்படிக் கழுவுவது, மடக்கு மேசையை எந்தப் பக்கம் தூக்குவது என்று அரைமணி நேரம் பாடம் நடத்துவார். எனக்கே அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை.

நேற்று மாலை புஷ்பமே கூப்பிட்டார். கடலில் மறுபடி ஏதோ சுழற்சியாம், இரவு காற்று இருக்குமாம். சூசை வலை வேலையாக வெளியூர் போயிருக்கிறார். "அண்ணே, நங்கூரம் இன்னும் ரெண்டு போடணுமா? வெள்ளம் நெறச்சு வச்சாப் போதுமா? இரும்புக் கால எவ்வளவு எறக்கணும்?"

பாடம் ஆரம்பிக்கப்போகிறது என்று நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒன்னும் பண்ண வேண்டாம்மா," என்றார். "கொழந்தையத் தூக்கிட்டு எல்லாரும் மொதல்ல எறங்கிருங்க. வண்டி கெடக்குது போ."